நடுவில் ஒரு சாம்பல் சதுரம்: லைப்ரரி மாறும்போது வரைகிற நிரலை என்ன செய்வது?

லைப்ரரியைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறோம். கம்பைல் பிழைகள் வரிசைகட்டி வருகின்றன. பொறுமையாக ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறோம். கடைசியில் நிரல் ஓடுகிறது. மெனு வருகிறது, பட்டன்கள் வருகின்றன, கோப்பைத் திறக்க முடிகிறது. ஆனால் நடுவில், அலைவடிவம் வர வேண்டிய இடத்தில், வெறும் சாம்பல் சதுரம். பிழைச் செய்தி ஏதும் இல்லை. டெர்மினலும் வாய் திறக்கவில்லை.

கம்பைலர் திட்டுகிற பிழை நல்ல பிழை. எந்தக் கோப்பு, எந்த வரி என்று கையைப் பிடித்துக் காட்டிவிடும். இந்தச் சாம்பல் சதுரம் அப்படியில்லை. இதைப் பார்த்தவுடன் பலர் "பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம்" என்று பின்வாங்குகிறார்கள். இன்னும் சிலர் "இந்த டூல்கிட்டே வேண்டாம்" என்று கோபத்தில் வேறு பக்கம் தாவுகிறார்கள். இரண்டுமே சில சமயம் சரியான முடிவுதான். ஆனால் சதுரம் ஏன் சாம்பலாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் அவை.

இங்கே ஜிடிகேயை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். ஜன்னல், பட்டன், மெனு இவற்றையெல்லாம் உருவாக்கித் தரும் லைப்ரரி அது; டூல்கிட் என்பது இப்படிப்பட்ட லைப்ரரியைத்தான். வரைகிற முறையை இரண்டு முறை அடியோடு மாற்றிய டூல்கிட் என்பதால் உதாரணங்களுக்குக் குறைவில்லை. க்யூடி, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போன்ற மற்ற டூல்கிட்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் கதை ஏறக்குறைய இதுதான். ஒரு நிரலை மனதில் வைத்துக்கொள்வோம்: சென்சாரிலிருந்து வரும் அலைவடிவத்தைக் காட்டும் கருவி, சி மொழியில், ஜிடிகே 2-க்கு எழுதியது. மவுஸ் போகிற இடத்தில் ஒரு குறுக்குக்கோடு கூடவே போகும். இழுத்துப் பெட்டி போட்டால் அந்தப் பகுதி பெரிதாகும். தரவு வர வர அலை இடப்பக்கம் நகரும். சாதாரண நிரல்தான்.

உடைந்தது பெயர்கள் அல்ல

ஜிடிகே 2.0 வெளிவந்தது 2002-இல். அதில் கோடு வரைய ஒரு ஃபங்ஷன், செவ்வகம் வரைய ஒரு ஃபங்ஷன். விண்டோ, நிறம் வைத்திருக்கும் ஜிசி, நான்கு எண்கள், அவ்வளவுதான். முக்கியமான விஷயம், அதை எங்கிருந்து வேண்டுமானாலும் கூப்பிடலாம். மவுஸ் நகர்ந்ததா, அந்த நிகழ்வுக்கான ஹேண்ட்லர் ஃபங்ஷனிலேயே கோட்டை வரை. டைமர் அடித்ததா, அங்கேயே புது மாதிரியைப் புள்ளியாக வை. வரைந்தது உடனே திரைக்குப் போகும். இன்னொரு ஜன்னல் மேலே வந்து விலகினால், அந்தப் பகுதியை மறுபடி வரையச் சொல்லி எக்ஸ்போஸ் நிகழ்வு வரும்.

2005 ஆகஸ்டில் வந்த 2.8 பதிப்பு கெய்ரோ வரைகலை லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டது. பழைய ஃபங்ஷன்களும் பக்கத்திலேயே இருந்ததால், வேலை செய்கிற நிரலை யாரும் அவசரப்பட்டுத் தொடவில்லை. 2011 பிப்ரவரியில் 3.0 வந்தபோது பழையவை போய்விட்டன: ஜிசி இல்லை, பிக்ஸ்மேப் (திரைக்கு வெளியே படம் வரைந்து வைக்கும் இடம்) இல்லை, எக்ஸ்போஸ் சிக்னலின் இடத்தில் கெய்ரோ காண்டெக்ஸ்டை, அதாவது கெய்ரோவால் வரைவதற்கான பொருளை, கையில் கொடுக்கும் டிரா சிக்னல். 2020 டிசம்பரில் வந்த 4.0-இல் அந்த டிரா சிக்னலும் போனது. இப்போது விட்ஜெட்டின் (ஜன்னலில் இருக்கும் பட்டன், பெட்டி போன்ற ஒவ்வொரு உறுப்பும் ஒரு விட்ஜெட்) ஸ்னாப்ஷாட் ஃபங்ஷனை எழுத வேண்டும். அல்லது டிராயிங் ஏரியா விட்ஜெட்டுக்கு ஒரு வரையும் ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும்.

பெயர் மாற்றங்களாக மட்டும் இதைப் பார்த்தால் ஒரு நாள் வேலை. ஆனால் மாறியது, பேனா யாரிடம் இருக்கிறது என்பது. முன்பு பேனா நம் சட்டைப்பையில் இருந்தது. தோன்றியபோது எடுத்து வரைந்தோம். இப்போது டூல்கிட் கூப்பிட்டுப் பேனாவைக் கொடுக்கிறது, வரைந்து முடித்ததும் வாங்கி வைத்துக்கொள்கிறது. அது கூப்பிடாத நேரத்தில் வரைந்தால் காகிதமே இல்லாத இடத்தில் எழுதின மாதிரி.

இதற்குக் காரணம் டூல்கிட் எழுதுகிறவர்களின் பிடிவாதம் இல்லை. லினக்ஸின் புதிய காட்சி முறையான வேலாண்டில் நிரல் ஒரு முழு பஃபரை, அதாவது ஒரு முழுப் படத்தை, வரைந்து முடித்துத்தான், எல்லா ஜன்னல்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டரிடம் கொடுக்க முடியும். ஏற்கெனவே திரையில் இருக்கும் படத்தின் மேல் ஒரு கோட்டை மட்டும் கிறுக்கிவிட்டுப் போக வழியில்லை. திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு ஒத்துப்போக, 2013-இல் வந்த 3.8-இல் ஃபிரேம் கிளாக் நுழைந்தது. அதிலிருந்து எப்போது வரைவது என்பது நம் டைமரின் விஷயமாக இல்லாமல் ஃபிரேமின் விஷயமாக ஆனது. அதனால்தான் விசித்திரமான ஒன்று நடந்தது: அதே ஜிடிகே 3, அதே நிரல், பழைய காட்சி முறையான எக்ஸ் 11-இல் படம் வந்தது, வேலாண்டில் வரவில்லை. லைப்ரரியைத் தொடவே இல்லை. டெஸ்க்டாப் மாறியதும் படம் காணாமல் போனது.

எனவே முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் எத்தனை ஆயிரம் வரி என்பது வேண்டாம். எக்ஸ்போஸ் அல்லது டிரா ஹேண்ட்லருக்கு வெளியே எத்தனை இடத்தில் வரைகிறீர்கள்? ஒன்றுமில்லை என்றால் உங்கள் வேலை சுலபம், நிரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். முப்பது இடம் என்றால், ஆயிரம் வரி நிரலும் உயிரை வாங்கும்.

சின்னச் சின்ன உடைசல்கள்

பேனா விஷயம் பெரியது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறியவையும் இருக்கின்றன. கீழே சொல்லும் வழிகளில் எதை எடுத்தாலும் இவற்றைச் சந்தித்தே ஆக வேண்டும்.

முதலாவது, இழுத்துப் பெட்டி போடும் வேலை. பழைய காலத்துத் தந்திரம் எக்ஸ்ஓஆர்: ஒரே பெட்டியை ஒரு முறை வரைந்தால் தெரியும், மறுபடி வரைந்தால் அழியும், அடியில் இருக்கும் படம் கெடாது. நினைவகம் பஞ்சமாக இருந்த காலத்தில் அற்புதமான யோசனை. இப்போது செல்லாது. கெய்ரோவிலும் எக்ஸ்ஓஆர் என்ற பெயரில் ஒரு கலவை முறை இருக்கிறது, ஆனால் அது வேறு சங்கதி. பிக்சலின் பிட்டுகளைத் தலைகீழாக்காது. ஒளிபுகும் தன்மையை வைத்து வேலை செய்யும். பெயரைப் பார்த்து மயங்கி அதைப் போட்டால் வருவது என்னவென்று புரியவே அரை நாள் ஆகும். டிஃபரன்ஸ் என்ற முறையை வெள்ளையோடு சேர்த்தால் நிறம் தலைகீழாகும் என்பது உண்மை. ஆனால் தேவையே இல்லை. பெட்டியின் நான்கு எண்களை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, மறுவரைவு கேட்டு, வரையும் ஃபங்ஷனின் கடைசியில் பாதி ஒளிபுகும் நீலத்தில் ஒரு செவ்வகம் போட்டால் முடிந்தது. பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, மங்கலான கோடுகள். பழைய ஃபங்ஷன்களில் 10 என்றால் பத்தாவது பிக்சல். கெய்ரோவில் 10 என்பது இரண்டு பிக்சல்களுக்கு நடுவே உள்ள எல்லை. ஒரு பிக்சல் அகலக் கோட்டை அங்கே வரைந்தால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகப் பரவி, கறுப்புக் கோடு இரண்டு சாம்பல் கோடாகிவிடும். 0.5 கூட்டினால் சரியாகும். வேடிக்கை என்னவென்றால், இரட்டை அடர்த்தித் திரை வைத்திருப்பவர் கண்ணுக்கு இந்தப் பிழை தெரியாது. அங்கே அந்தக் கோடு இரண்டு முழு பிக்சல்களில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பயனர் "கட்டம் மங்கலாக இருக்கிறது" என்பார், எழுதியவர் "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

மூன்றாவது, அதே அடர்த்தி விஷயத்தின் மறுபக்கம். பிக்ஸ்மேப்பில் வரைந்து வைத்து மொத்தமாக ஒட்டுகிற பழக்கம் இருந்தால், அதற்குப் பதில் கெய்ரோ சர்ஃபேஸ் (கெய்ரோ வரையும் பரப்பு) ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 3.10-லிருந்து விட்ஜெட்டுக்கு ஸ்கேல் எண் ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் சர்ஃபேஸை உருவாக்கினால், 2 மடங்கு திரையில் எல்லாம் பெரிதாக்கிய பழைய புகைப்படம் போலத் தெரியும்.

டூல்கிட்டுக்கு வெளியே இருந்தும் அடி வரும் என்பதற்கு ஒரு உதாரணம். எழுத்துகளைக் கோக்கும் பாங்கோ லைப்ரரி 2019-இல் 1.44 பதிப்பில் பிட்மேப் எழுத்துருக்களுக்கான ஆதரவைக் கைவிட்டது. அச்சில் எண்களைப் பழைய பிட்மேப் எழுத்துருவில் போட்டிருந்தவர்களுக்கு எண்களின் இடத்தில் பெட்டி பெட்டியாக வந்தது. ஜிடிகே பதிப்பு எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

இருந்த இடத்திலேயே இருப்பது

கேவலமான வழி இல்லை இது. கருவி ஒரே கணினியில், வலையமைப்பில் சேராமல், ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றால், அதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஜிடிகே 2 நிரல்கள் வேலாண்ட் டெஸ்க்டாப்பிலும், எக்ஸ் 11 நிரல்களை அங்கே ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் வழியாக, இன்னும் ஓடுகின்றன.

ஜிம்ப்பைப் பாருங்கள். ஜிடிகே பிறந்ததே அந்தப் படத்தொகுப்பு மென்பொருளுக்காகத்தான். பெயரின் முதல் எழுத்தே அதிலிருந்து வந்தது. அந்த ஜிம்ப் 2018-இல் வெளியிட்ட 2.10-கூட ஜிடிகே 2-இல்தான் ஓடியது. ஜிடிகே 3-க்கு மாறிய ஜிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். ஜிடிகே 3 வந்து 14 ஆண்டு கழித்து, ஜிடிகே 4-உம் வந்து 4 ஆண்டு தாண்டிய பிறகு! இடையில் அவர்கள் தங்கள் படச்செயலாக்க இயந்திரத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சும்மா இருக்கவில்லை. ஆனாலும் பெற்ற பிள்ளையின் வேகத்துக்கு வீடே ஈடுகொடுக்க முடியவில்லை என்றால், நம் சின்ன நிரல் தாமதமாவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வழியின் உண்மையான விலை வேறு எங்கோ இருக்கிறது. ஜிடிகே 2-இன் கடைசி வெளியீடு 2020 டிசம்பரில் வந்த 2.24.33. அதற்குப் பிறகு வரும் ஓட்டையை யாரும் அடைக்கப் போவதில்லை. அப்புறம், நாம் நிற்கும் தரை நின்றாலும் சுற்றியிருப்பவை நிற்பதில்லை. பைத்தானிலிருந்து ஜிடிகே 2-ஐப் பயன்படுத்த உதவிய பைஜிடிகேயில் எழுதியவர்களைக் கேளுங்கள்: அது பைத்தான் 2-க்கு மட்டுமானது, பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஒரு பழைய லைப்ரரியில் இருந்துவிடுகிறேன் என்று தொடங்கியது, மொழியே பழையது என்பதில் போய் முடிந்தது.

இதில் ஒரு உட்பிரிவு, பழைய லைப்ரரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது. ஃப்ளாட்பேக், ஆப்இமேஜ் போன்றவற்றில் பொதி கட்டிக் கொடுக்கலாம். ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய், ஜிடிகே 2-இன் மூலநிரலையே தன் மூலநிரலுக்குள் கொண்டுவந்து, தன் சொந்தப் பொருளாக வைத்துக்கொண்டது. அவர்களுக்கு அது பொருந்தும்: தங்கள் கேன்வாஸை (வரைபரப்பை)த் தாங்களே எழுதி வைத்திருப்பவர்கள், டூல்கிட்டின் உள்ளே கை வைக்கத் தயங்காதவர்கள். ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் நிரலுக்கு இது பொருந்தாது. ஒரு டூல்கிட்டைத் தத்தெடுப்பது யானையைத் தத்தெடுப்பது போல; தீனி போட ஆள் வேண்டும்.

டிராயிங் ஏரியாவில் கெய்ரோவை அப்படியே வைத்துக்கொள்வது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஜிடிகே 4-இல் டிராயிங் ஏரியா விட்ஜெட் இருக்கிறது. அதற்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்தால், கெய்ரோ காண்டெக்ஸ்ட், அகலம், உயரம் மூன்றையும் அது நம்மிடம் நீட்டும். ஜிடிகே 3-இன் டிரா சிக்னலில் எழுதியிருந்த கெய்ரோ வரிகள் ஏறக்குறைய மாறாமல் இங்கே உட்கார்ந்துவிடும்.

விலை இல்லாமல் இல்லை. ஜிடிகே 4 படத்தை ஜிபியுவிடம் (வரைகலைச் செயலியிடம்) கொடுத்து வரையச் சொல்கிறது. கெய்ரோவோ சிபியுவில் வரைகிறது. எனவே நாம் வரைந்த பகுதி முதலில் நினைவகத்தில் ஒரு படமாக உருவாகி, பிறகு டெக்ஸ்சராக, அதாவது ஜிபியு கையாளும் படமாக, ஜிபியுவுக்கு ஏற்றப்படும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3840×2160 திரை முழுவதும் நிறைந்த விட்ஜெட், பிக்சலுக்கு 4 பைட்: ஒரு படம் சுமார் 33 மெகாபைட். நொடிக்கு 60 முறை என்றால் ஏறக்குறைய 2 ஜிகாபைட், ஒவ்வொரு நொடியும். மின்விசிறி சத்தம் கேட்கத்தான் செய்யும். ஆனால் நம் அலைவடிவம் 800×400 பெட்டியில் நொடிக்குப் பத்து முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் நொடிக்குச் சுமார் 13 மெகாபைட்; இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கெய்ரோ மெதுவானது, விட்டுவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வரட்டும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். விட்ஜெட்டின் ஒரு மூலையை மட்டும் மறுபடி வரை என்று கேட்கும் வசதி ஜிடிகே 4-இல் இல்லை, வரைந்தால் முழுதும்தான். குறுக்குக்கோடு ஒரு பிக்சல் நகர்ந்ததற்காக லட்சம் மாதிரிகளையும் மறுபடி வரைய வேண்டி வந்தால் இடிக்கும். அலைவடிவத்தை ஒரு சர்ஃபேஸில் வரைந்து வைத்துக்கொண்டு, அதன் மேல் குறுக்குக்கோட்டை மட்டும் புதிதாக வரையலாம். இல்லையென்றால் ஓவர்லே விட்ஜெட்டில் இரண்டு டிராயிங் ஏரியாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஜிடிகே 4 விட்ஜெட் வாரியாக வரைந்ததை நினைவில் வைத்துக்கொள்வதால், மேல் அடுக்கு மாறும்போது கீழ் அடுக்கைக் கூப்பிடாது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்கேல் எண்ணை நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய தலைவலி அதில் இல்லை.

முழுதாக ஸ்னாப்ஷாட்டுக்கு மாறுவது

இதுதான் ஜிடிகே 4-இன் சொந்த வழி. இதில் நாம் படம் வரைவதில்லை. என்ன வரைய வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறோம். இந்த நிறத்தில் ஒரு செவ்வகம், இந்த எழுத்துகள், இந்த டெக்ஸ்சர், இவற்றுக்கு இந்த எல்லை. அந்த ரெண்டர் நோடுகளை எடுத்துக்கொண்டு ஜிபியு தன் வேலையைப் பார்க்கும். படங்கள், பெட்டிகள், எழுத்துகள் நிறைந்த விட்ஜெட்டுக்கு அருமையான வழி. படக்காட்சியகம், காலவரிசை, வரைபட ஓடுகள் போன்றவை பறக்கும்.

அலைவடிவத்துக்கு? இங்கேதான் தயங்குகிறேன். 2024 மார்ச்சில் வந்த 4.14 வரை, இஷ்டம்போல் வளைந்து போகும் கோட்டுக்கு ரெண்டர் நோடே கிடையாது. ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே ஒரு கெய்ரோ நோடைப் போட்டு அதில்தான் வரைய வேண்டும். அதாவது சுற்றிவளைத்து அதே இடம். 4.14-இல் பாதை, நிரப்பு, கோடு ஆகியவற்றுக்கு நோடுகள் வந்துவிட்டன. ஆனால் நோடு இருக்கிறது என்பதாலேயே வேலை முழுதும் ஜிபியுவில் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்து பார்க்காமல் வேகத்துக்காக இந்தப் பக்கம் வருவது வீண்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது சரியான வழி. மாற்றிக்கொண்டு வருகிறவருக்கு, எந்த விட்ஜெட் இடிக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும்.

இரண்டு பதிப்புக்கும் சேர்த்து ஒரே கோப்பில் நிபந்தனைகள் போட்டு எழுதுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மாறுகிற சில மாதங்களுக்குத் தாங்கும். நிரந்தரமாக்கினால் இரண்டு பதிப்பின் தொல்லைகளும் நமக்கே.

டூல்கிட்டையே மாற்றுவது

வயர்ஷார்க் இதைச் செய்தது. 2015 நவம்பரில் வந்த 2.0-இல் தன் முதன்மை இடைமுகத்தை ஜிடிகேயிலிருந்து க்யூடிக்கு மாற்றியது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் வயர்ஷார்க்கின் உயிர் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில் இருக்கிறது. இடைமுகம் அதன் மேல் போட்ட உடை. உடையை மாற்றலாம். நம் நிரலில் உடையும் உடம்பும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைக் கழற்றுவதற்கு ஆகும் வேலைதான் செலவில் பெரும்பகுதி. எந்த டூல்கிட்டுக்குப் போகிறோம் என்பது அதற்குப் பிறகுதான்.

க்யூடிக்குப் போனால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பேனாவை வாங்கி வைத்துக்கொள்வதை க்யூடி முன்னாலேயே செய்துவிட்டது: 2005-இல் வந்த க்யூடி 4-இல், விட்ஜெட்டின் மேல் பெயின்ட் ஈவென்ட்டுக்கு வெளியே வரைய முடியாது என்ற விதி வந்தது. எக்ஸ் 11-க்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கொடுத்தார்கள். அதன் பிறகு 2012-இல் 5, 2020 டிசம்பரில் 6. ஆறாம் பதிப்பு ஜிடிகே 4 வந்த அதே மாதம் வந்தது என்பது தற்செயல்தான். நியாயமாகச் சொல்ல வேண்டியது: கியூபெயின்டர் வகுப்பு 4 முதல் 6 வரை பெரிய அளவில் மாறாமல் நீடித்திருக்கிறது. வரைகிற நிரலைப் பொறுத்தவரை க்யூடிக்குச் சாதகமான வாதம் இதுதான்.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு கோணத்திலிருந்து அடி விழுந்தது. 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10, முழு எண் கேட்கும் இடத்தில் தசம எண்ணைக் கொடுத்தால் சத்தமில்லாமல் வெட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டது. அகலத்தை 2-ஆல் வகுத்து அப்படியே கோடு வரையக் கொடுத்த பைக்யூடி, டபிள்யூஎக்ஸ்பைத்தான் நிரல்கள் எல்லாம் டைப் பிழை சொல்லி விழுந்தன. டூல்கிட் மேல் தப்பில்லை, நிரல் மேலும் பெரிய தப்பில்லை.

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் பழைய பெயர்களைக் காப்பாற்றுவதில் கெட்டி. ஆனால் அதன் கிளையன்ட் டிசி, அதாவது எப்போது வேண்டுமானாலும் வரையும் அந்தப் பழைய பேனா, வேலாண்டிலும் மேக்கிலும் எழுதாது. ஃபங்ஷன் இருக்கும், கம்பைல் ஆகும், படம் வராது. மறுபடியும் சாம்பல் சதுரம்.

இந்த வரிசையில் வித்தியாசமானது டிகே என்ற டூல்கிட். அதன் கேன்வாஸில் நாம் வரைவதே இல்லை. கோடு என்ற பொருளை உருவாக்கி அதற்கு ஆயத்தொலைவு கொடுக்கிறோம். எப்போது வரைவது என்பது முதல் நாளிலிருந்தே கேன்வாஸின் கவலை. பேனாவே நம்மிடம் இருந்ததில்லை என்பதால் அதைப் பிடுங்கவும் யாருக்கும் அவசியம் வரவில்லை. பல்லாயிரம் பொருள்கள் சேர்ந்தால் மெதுவாகும் என்பது தனிக் கதை.

இவற்றுக்கு முன்னால் ஒரு வேலை

மேலே உள்ள எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பழைய பதிப்பிலேயே செய்ய வேண்டும். புதிய பதிப்பில் ஒரே நேரத்தில் பெயரையும் மாற்றி, அமைப்பையும் மாற்றினால், சாம்பல் சதுரத்துக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. பழைய பதிப்பில் படம் வந்துகொண்டிருக்கும்போதே அமைப்பை மாற்றினால், எந்த மாற்றத்தில் படம் போனது என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

வேலை இது: வரைவதையெல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவருவது. அதற்குக் கெய்ரோ காண்டெக்ஸ்ட், அகலம், உயரம், தரவு ஆகியவை மட்டும் போக வேண்டும். விட்ஜெட் போகக் கூடாது, விண்டோ போகக் கூடாது. மவுஸ் ஹேண்ட்லரும் டைமரும் எண்களை மட்டும் மாற்றிவிட்டு மறுவரைவு கேட்க வேண்டும். ஜிடிகே 2-இல் 2.8-லிருந்தே கெய்ரோ இருப்பதால் இதற்கு லைப்ரரியைத் தொட வேண்டியதில்லை.

கெய்ரோவை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்றால், அதன் முதல் பதிப்பு வந்ததும் அதே 2005 ஆகஸ்டில்தான். அன்றிலிருந்து இன்றுவரை அந்த லைப்ரரிக் கோப்பின் பெயரில் இருக்கும் எண் 2 மாறவேயில்லை. ஜிடிகே இரண்டு முறை தலைகீழாகப் புரண்ட காலம் முழுவதும், கெய்ரோவுக்கு எழுதிய வரிகள் எழுதியபடியே வேலை செய்திருக்கின்றன.

பிரிப்பு சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. ஜன்னலே திறக்காமல், அதே ஃபங்ஷனுக்கு ஒரு இமேஜ் சர்ஃபேஸைக் கொடுத்து அலைவடிவத்தைப் பிஎன்ஜி கோப்பாக எழுத முடிகிறதா? முடிந்தால் பிரித்துவிட்டீர்கள். பிடிஎஃப் சர்ஃபேஸ் கொடுத்தால் அச்சிடும் வசதியும் கூடவே வந்துவிடும். பலர் தனியாக எழுதி அல்லாடும் வசதி அது. அந்தப் பிஎன்ஜி கோப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் எடுத்த படத்தோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட அவைதான் சாட்சி.

மவுஸ் நிகழ்வுகளையும் இதே போல முன்கூட்டியே நகர்த்தலாம். ஜிடிகே 4-இல் பழைய மவுஸ் சிக்னல்கள் இல்லை, ஜெஸ்சர்களும் கண்ட்ரோலர்களும்தான். ஆனால் இழுக்கும் ஜெஸ்சர் 3.14-இலேயே வந்துவிட்டது, நகர்வைக் கவனிக்கும் கண்ட்ரோலர் 3.24-இல் இருக்கிறது. எனவே 2-லிருந்து 4-க்கு ஒரே தாவாகத் தாவுவதைவிட, நடுவில் 3.24-இல் ஒரு முறை இறங்கி ஏறுவது நல்லது. நேரம் கூடுதலாகத் தெரியும். மொத்தத்தில் குறைவாகவே ஆகும்.

இதையெல்லாம் முடித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். ஹேண்ட்லருக்கு வெளியே வரையும் இடங்கள் பூஜ்யம் ஆகிவிட்டன என்றால், டிராயிங் ஏரியா வழி ஓரிரு நாள் வேலை; வேறு வழியை யோசிக்கக் காரணமே இல்லை. முப்பது இடத்தில் இருபதை மட்டும்தான் நகர்த்த முடிந்தது, மீதிப் பத்தைத் தொட்டால் மொத்தமும் சரிகிறது என்றால், பழைய பதிப்பைப் பொதி கட்டிக்கொண்டு இருந்துவிடுவதே நேர்மையான முடிவு. இடைமுகத்தை எப்படியும் முழுதாகத் திருப்பி எழுதத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் க்யூடிப் பக்கம் பாருங்கள். வரைகிற நிரல் ஒன்றுக்காகப் போகாதீர்கள்.

மாற்றிய பிறகும் சதுரம் சாம்பலாகவே இருந்தால், ஜிஎஸ்கே_ரெண்டரர் (GSK_RENDERER) என்ற சூழல் மாறிக்குக் கெய்ரோ (cairo) என்று மதிப்புக் கொடுத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போது படம் வந்தால், தேட வேண்டியது ஜிபியு டிரைவர் பக்கம். அப்போதும் வரவில்லையென்றால் உங்கள் ஃபங்ஷனை யாரும் கூப்பிடவில்லை. பெரும்பாலும் விட்ஜெட்டின் உயரம் பூஜ்யமாக இருக்கும். விரிவடையச் சொல்லும் ஒரு வரி விட்டுப்போயிருக்கும்.

மாற்றும் வேலையில், இழுத்துப் போடும் பெட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.